செயற்கை இதய வால்வுடன் வாழ்தல்: மாத்திரை, பரிசோதனை, தொடர் கண்காணிப்பு

இதயத்தின் அறைகளுக்கிடையிலும், அங்கிருந்து புறப்படும் பெருங்குழாய்களின் வாயிலிலும் அமைந்துள்ள நான்கு வால்வுகளும் இரத்தத்தை ஒரே திசையில் செல்லவிட்டு, வந்த வழியே திரும்பாமல் தடுக்கின்றன. கிணற்று மோட்டார்க் குழாயின் அடியில் பொருத்தப்படும் ஃபுட் வால்வு செய்யும் வேலைக்கு ஒப்பானது இது. இந்தியாவில் வால்வு கெட்டுப்போவதற்கு நெடுங்காலமாக முதன்மைக் காரணமாக இருந்துவருவது வாதக் காய்ச்சல், அதாவது சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய் ஆகும். இந்நோய் பெரும்பாலும் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வையும், அதற்கு அடுத்தபடியாகப் பெருந்தமனி வால்வையும் தடிக்கச் செய்து சுருக்கிவிடுகிறது. முதியவர்களிடம் சுண்ணாம்புச் சத்துப் படிந்து பெருந்தமனி வால்வு இறுகிப்போவதும் அதிகம் காணப்படுகிறது. பழுது முற்றிய நிலையில் வால்வை அகற்றிவிட்டுச் செயற்கை வால்வு பொருத்துவதே வழி என்று மருத்துவர் முடிவு செய்கிறார்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியும் குடும்பத்தாரும் அஞ்சுவது பெரும்பாலும் வால்வு உடைந்துவிடுமோ, கழன்றுவிடுமோ என்பதற்காகவே. இன்று பயன்பாட்டிலுள்ள வால்வுகள் அவ்வாறு உடைவது மிக அரிது. உண்மையான ஆபத்துகள் மூன்று: வால்வின்மேல் இரத்தம் உறைந்து கட்டியாதல், அதைத் தடுக்கும் மருந்து மிகையானால் ஏற்படும் இரத்தக்கசிவு, வால்வைக் கிருமி தொற்றுதல். இம்மூன்றும் பெரிய மருத்துவமனையின் சுவர்களுக்குள் தொடங்குவதில்லை. சொந்த ஊரின் மருந்துக்கடையிலும், பல் மருத்துவரின் நாற்காலியிலும், காய்ச்சலுக்கு ஊசி போடும் சிறு மருத்துவமனையிலும், நோயாளிக்கு வால்வு இருப்பதை அறியாத ஒருவரின் கையிலும் தொடங்குகின்றன. எனவே தொடர் சிகிச்சை என்பது ஆண்டுக்கு ஒருமுறை நகரத்துக்குப் போய்வருவதோடு முடிவதன்று. இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் உள்ளூரில் நடப்பதே அதன் பெரும்பகுதி.

எந்த வால்வு பொருத்தப்பட்டுள்ளது

செயற்கை வால்வுகள் இருவகைப்படும். உலோகத்தாலும், மிகக் கடினமாகவும் வழுவழுப்பாகவும் ஆக்கப்பட்ட ஒருவகைக் கரிமத்தாலும் செய்யப்படுபவை இயந்திர வால்வுகள். மாட்டின் இதய உறையையோ பன்றியின் இதய வால்வையோ பதப்படுத்திச் செய்யப்படுபவை திசு வால்வுகள். ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் அமெரிக்காவில் உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து உருளும் அமைப்புடைய வால்வு 1960இல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் ஒற்றைத் தட்டு சாய்ந்து திறக்கும் வால்வுகளும், 1977 முதல் இரண்டு அரைவட்டத் தகடுகள் கதவு போல் திறந்து மூடும் வால்வுகளும் வந்தன. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் நடந்த ஆய்வில், முதல் மூன்று மாதிரிகள் தேறாமல் போனபின் நான்காவதாக உருவான சாய்தட்டு வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த வால்வு, இறக்குமதி வால்வுகளை வாங்க இயலாத பலருக்கு இந்த அறுவை சிகிச்சையை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தது.

இயந்திர வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் பரப்பில் இரத்தம் உறையும் இயல்பு உள்ளதால் வாழ்நாள் முழுவதும் உறைதடுப்பு மாத்திரை உட்கொண்டாக வேண்டும். திசு வால்வுக்குப் பொதுவாக முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரையே அம்மாத்திரை தேவைப்படுகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போன நோயாளிகளுக்கு மட்டும் அது தொடரக்கூடும். அதற்கு ஈடாகத் திசு வால்வு பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து மறு சிகிச்சையை வேண்டிநிற்கிறது. வயது குறைந்தவர்களிடம் அதில் சுண்ணாம்பு படிவது இன்னும் விரைவாக நிகழ்கிறது. உறைதடுப்பு மாத்திரையின் அளவைச் சரிபார்க்க மாதந்தோறும் இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வழியில்லாத சிற்றூரில் வாழும் ஒருவருக்கு, அவர் இளைஞரே ஆயினும், இயந்திர வால்வுதான் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு கூறிவிட முடியாது. எந்த வகையாயினும், வால்வின் பெயர், அளவு, வரிசை எண், பொருத்தப்பட்ட இடம், நாள் ஆகியவை அச்சிடப்பட்ட அட்டை ஒன்று மருத்துவமனையில் வழங்கப்படுகிறது. அதைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு ஒளிநகலை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது அந்த அட்டையைக் காட்டினால் போதும், இன்றைய வால்வுகளுக்குப் பெரும்பாலும் தடையில்லை. விமான நிலையச் சோதனை வாயிலைக் கடப்பதிலும் ஆபத்தில்லை. இயந்திர வால்வு மூடும்போது எழும் மெல்லிய ‘டிக்’ ஓசை இரவின் அமைதியில் நோயாளிக்கும் அருகில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். அது வால்வு சீராக இயங்குவதன் அறிகுறியே.

உறைதடுப்பு மாத்திரை

தமிழ்நாட்டில் வால்வு நோயாளிகளுக்குப் பெரும்பாலும் எழுதித் தரப்படுபவை அசினோகூமரால், வார்ஃபரின் என்னும் இரண்டு மருந்துகளே. முன்னது அசிட்ரோம் என்ற வணிகப் பெயராலேயே மக்களிடம் வழங்குகிறது. கல்லீரல் உறைவுப் புரதங்களை உருவாக்குவதற்கு வைட்டமின் ‘கே’ தேவை; இம்மருந்துகள் அந்த வைட்டமினின் வேலையைத் தடுப்பதன் மூலம் இரத்தம் உறையும் நேரத்தை நீட்டுகின்றன. வார்ஃபரின் எலிகளைக் கொல்லவும் பயன்படுத்தப்பட்ட பொருள் என்ற செய்தியைக் கேள்விப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடும் நோயாளிகள் உண்டு. அச்செய்தி உண்மையே, ஆயினும் 1954 முதல் மனிதர்களுக்கு மருந்தாக வழங்கப்பட்டுவரும் அதே பொருள், அளந்து கொடுத்துப் பரிசோதித்துவந்தால் உயிர் காப்பதாகவும் இருக்கிறது. ஒருவருக்கு எவ்வளவு தேவை என்பதை எடையோ வயதோ மட்டும் தீர்மானிப்பதில்லை. மரபணு, உணவு, கல்லீரலின் நிலை, உடன் உட்கொள்ளும் மருந்துகள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் போதுமானதாகவும், அதே வால்வு கொண்ட மற்றொருவருக்கு 4 மில்லிகிராம் தேவையாகவும் இருக்கிறது; பக்கத்து வீட்டுக்காரரின் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பதால் பயனில்லை.

மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் மாலை ஆறு மணியிலிருந்து இரவு உணவு வேளைக்குள், உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது. காலையில் இரத்தம் கொடுத்து மாலைக்குள் முடிவு வந்துவிட்டால் அன்றிரவே அளவை மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் பின்னுள்ள நடைமுறைக் காரணம். ஒரு வேளை மறந்துபோய் அன்றிரவே நினைவுக்கு வந்தால் உட்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவுக்கு வருகிறது என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான அளவையே தொடர வேண்டுமேயன்றி, இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து விழுங்குதல் கூடாது. அசினோகூமராலின் ஆற்றல் வார்ஃபரினைவிட விரைவில் குறைந்துவிடும். எனவே இரண்டு மூன்று வேளைகள் தொடர்ந்து தவறினாலே வால்வு பாதுகாப்பற்றுப் போகக்கூடும். மருந்துக்கடையில் ‘இது இல்லை, அது இருக்கிறது’ என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தந்தால் வாங்குதல் கூடாது. இரண்டின் மில்லிகிராம் கணக்கும் வேறு. ஒரே மருந்திலும் 1, 2, 3, 4 மில்லிகிராம் அட்டைகள் ஒன்றுபோலவே காணப்படுவதால், ஒவ்வொரு முறையும் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்ட எண்ணைப் படித்துப் பார்த்த பின்னரே கடையை விட்டு நகர்தல் நலம்.

புதிய தலைமுறை உறைதடுப்பு மருந்துகளான டாபிகாட்ரான், அபிக்சபான் போன்றவை மாதாந்தரப் பரிசோதனை தேவைப்படாதவை என்பதால் அவற்றுக்கு மாறிவிடலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இயந்திர வால்வு உடையோருக்கு அவை ஏற்றவை அல்ல. டாபிகாட்ரானை இயந்திர வால்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, உறைகட்டிகளும் இரத்தக்கசிவும் வார்ஃபரின் பெற்றோரைவிட அதிகமாக ஏற்பட்டதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2013இல் வெளியானது. இதய மருத்துவம் பயிலாத ஒருவர் நல்லெண்ணத்தோடு இம்மாற்றத்தைப் பரிந்துரைத்தாலும், வால்வு பொருத்திய மருத்துவரைக் கேளாமல் ஏற்றல் கூடாது.

ஐ.என்.ஆர். பரிசோதனை

மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் எண்ணே ஐ.என்.ஆர். எனப்படுகிறது. மருந்து உட்கொள்ளாத ஒருவரின் இரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தை 1 என்று கொண்டால், நோயாளியின் இரத்தம் அதைப்போல் எத்தனை மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும் வேதிப்பொருள்களின் தன்மையையும் கணக்கில் கொண்டு, எங்கும் ஒப்பிடத்தக்க ஒரே அளவாக இது தருகிறது. பெருந்தமனி வால்வு மட்டும் மாற்றப்பட்டு வேறு சிக்கல் இல்லாதவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரையும், ஈரிதழ் வால்வு மாற்றப்பட்டவர்களுக்கும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கும் 2.5 முதல் 3.5 வரையும் இலக்காகக் குறிக்கப்படுகிறது. தம் இலக்கு எது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நோயாளியின் முதற்கடமை. ஏனெனில் ஆய்வக அறிக்கையில் ‘இயல்பான அளவு’ என்று அச்சிடப்பட்டிருப்பது மருந்து உட்கொள்ளாதோருக்கு உரியது. அதற்கு மேல் இருப்பதாகக் குறியிட்டுத் தரப்படும் அறிக்கையைக் கண்டு அஞ்சி, வீட்டிலுள்ளோரே மாத்திரையைக் குறைத்துவிடும் தவறு இதனால்தான் நேர்கிறது.

இரத்தம் எடுக்கும் முறையிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பரிசோதனைக்கு நீலநிற மூடியிட்ட குழாய் பயன்படுகிறது. அதில் சிட்ரேட் என்னும் திரவம் முன்னரே இருக்கிறது. 2.7 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 0.3 மில்லிலிட்டர் என்பதே அதன் கணக்கு. குழாயில் குறித்துள்ள கோடுவரை இரத்தம் நிரம்பாவிட்டால் திரவத்தின் பங்கு மிகுந்து, உண்மையைவிட அதிகமான எண் வந்துவிடும். நரம்பு கிடைக்காமல் அரைகுறையாக நிரப்பிய குழாயை அனுப்பிவிடும் ஆய்வகப் பணியாளரிடம் மறுபடி எடுக்குமாறு கேட்பது நோயாளியின் உரிமை. வெறும் வயிற்றில் செல்லத் தேவையில்லை. இயன்றவரை ஒரே ஆய்வகத்துக்கே செல்லுதல் நல்லது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கையடக்கக் கருவிகளும் உள்ளன, எனினும் அவை மிக உயர்ந்த எண்ணைக் காட்டினால் நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய முதல் வாரங்களில் வாரத்துக்கு ஒருமுறையேனும், எண் நிலைப்பட்ட பின் மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். எண் சற்று விலகினால் மருத்துவர் அளவை மாற்றுவது நாள் கணக்கில் அல்லாமல் வாரக் கணக்கில் ஆகும். எடுத்துக்காட்டாக, நாள்தோறும் 2 மில்லிகிராம் வீதம் வாரத்துக்கு 14 மில்லிகிராம் உட்கொள்ளும் ஒருவருக்கு எண் இலக்குக்குக் கீழே இருந்தால், திங்களும் வியாழனும் மட்டும் 3 மில்லிகிராம், ஏனைய ஐந்து நாள்களும் 2 மில்லிகிராம் என்று மாற்றப்படலாம். வாரத் தொகை 16 ஆகிறது, அதாவது ஏழில் ஒரு பங்கு உயர்கிறது. ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் எண் எகிறிவிடும் என்பதால்தான் இவ்வளவு சிறிய அடிகள். மாற்றிய அளவின் முழுப் பலன் தெரியச் சில நாள்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மீண்டும் மாற்றுவது ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாட்டத்தையே உண்டாக்கும்.

இவற்றையெல்லாம் பதிய ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். நாள், ஐ.என்.ஆர். எண், அப்போதைய வாரத் தொகை, மருத்துவர் செய்த மாற்றம், அந்த மாதத்தில் வந்த காய்ச்சல் அல்லது உட்கொண்ட வேறு மருந்து என்று ஐந்து பத்திகள் இட்டு எழுதிவருவது, மருத்துவமனையின் தடித்த கோப்பைவிடப் பயனுடையது எனலாம். ஏனெனில் எண் ஏன் விலகியது என்ற கேள்விக்கு விடை கடைசிப் பத்தியில்தான் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் அறிக்கைகள் கைப்பேசி மாறும்போது காணாமல் போகின்றன. நோட்டு வீட்டிலேயே இருக்கிறது.

உணவும் பிற மருந்துகளும்

கீரையைத் தொடவே கூடாது என்ற அறிவுரை பரவலாகத் தரப்படுகிறது. அது தேவையற்ற கடுமை. முருங்கை, அகத்தி, பாலக் முதலிய கீரைகளில் வைட்டமின் ‘கே’ மிகுதி என்பதும், அது மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும் என்பதும் உண்மையே. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை கீரை உண்பவர் அதே அளவில் தொடர்ந்து உண்டுவந்தால் மாத்திரையின் அளவு அதற்கேற்பவே அமைந்துவிடும். எண்ணைக் கலைப்பது கீரை அன்று, திடீர் மாற்றமே. கார்த்திகையில் மாலை அணிந்து விரதம் இருப்போர், புரட்டாசி முழுவதும் புலாலை விட்டு மரக்கறியும் கீரையுமாக உண்போர், உணவு வேளைகளே மாறிப்போகும் ரமலான் நோன்பு நோற்போர் ஆகியோர் அந்த மாதத்தில் ஒரு பரிசோதனையைக் கூடுதலாகச் செய்துகொள்ளுதல் தகும்; மாலை மாத்திரையை நோன்பு திறந்த பின் உட்கொள்வதில் தடையேதும் இல்லை. பசியின்மையாலும் வயிற்றுப்போக்காலும் உணவு குறைந்தால் எண் உயர்ந்துவிடும். மது எண்ணையும் கலைக்கும், கீழே விழவும் வைக்கும்.

உணவைவிட மருந்துகளே பெரிய ஆபத்து. வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல், பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் ஃப்ளுகோனசோல், சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் கோ-ட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவை ஐ.என்.ஆர். எண்ணைச் சில நாள்களிலேயே உயர்த்திவிடக்கூடியவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக எண்ணைத் தாழ்த்தும். அதற்கேற்ப மாத்திரையை ஏற்றிக்கொண்டுபோன பின், காசநோய்ச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நிறுத்தப்படும்போது எண் மேலே பாயும் என்பதை நோயாளியும் காசநோய் மையமும் சேர்ந்து நினைவில் கொள்ள வேண்டும். வலிப்பு மருந்துகளில் சிலவும் எண்ணைத் தாழ்த்துகின்றன. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலிமருந்துகள் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தக்கசிவுக்கு வழி செய்வதால் மாத்திரையாகவோ ஊசியாகவோ தவிர்க்கப்பட வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் ஏற்றது, அதுவும் பல நாள்கள் தொடர்ந்தால் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்துகள், கஷாயங்கள், சூரணங்கள் ஆகியவற்றில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு கலந்துள்ளது என்பது தெரியாதவரை அவை உறைதடுப்பு மாத்திரையோடு எவ்வாறு வினைபுரியும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. எந்தப் புதிய மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஏறத்தாழ ஐந்து நாள்களில் ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிடுவது என்ற ஒரே பழக்கம் இவற்றுள் பெரும்பாலானவற்றிலிருந்து காக்கும்.

பல், காய்ச்சல், கிருமித் தொற்று

செயற்கை வால்வில் கிருமி குடியேறுவதை இதய உள்ளுறை அழற்சி என்பர். இயல்பான இதயத்தில் வந்தாலே உயிருக்கு ஆபத்தான இந்நோய், செயற்கை வால்வில் வந்தால் வாரக்கணக்கில் நரம்புவழி மருந்தும், சில வேளைகளில் மறு அறுவையும் தேவைப்படும் அளவுக்குக் கொடியது. கிருமிகள் இரத்தத்தில் நுழைவதற்கு எளிதான வாயில் வாயே. ஆகவே நாளைக்கு இருமுறை பல் துலக்குவதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்ப்பதும் வால்வுப் பராமரிப்பின் பகுதியாகும். பல் பிடுங்குதல், வேர்ச் சிகிச்சை, ஈறு கிளறப்படும் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கு முப்பது முதல் அறுபது நிமிடங்களுக்கு முன், பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளையாகத் தரப்படுகிறது. ஒவ்வாமை உள்ளோருக்கு மாற்று மருந்து உண்டு. பல் பிடுங்குவதற்காக உறைதடுப்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வருமாறு கூறுவது பழைய பழக்கம். எண் இலக்குக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலேயே, தையலிட்டும் பஞ்சு வைத்து அழுத்தியும் கசிவைக் கட்டுப்படுத்திப் பிடுங்க இயலும். குடலிறக்கம், கண்புரை, பித்தப்பை என்று வேறு அறுவை எதுவாயினும், மாத்திரையை நிறுத்துவதா, இடைக்காலத்தில் ஹெப்பாரின் என்னும் உறைதடுப்பு ஊசி போடுவதா என்பதை இதய மருத்துவரே எழுத்தில் தர வேண்டும்.

காய்ச்சலைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. வால்வு நோயாளிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள்களைக் கடந்து நீடித்தால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதையும் தொடங்குவதற்கு முன் இரத்த வளர்ப்புப் பரிசோதனை, அதாவது இரத்தத்தைச் சத்துக் கரைசலில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, எடுக்கப்பட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஐந்து மாத்திரைகள் காய்ச்சலைச் சற்றே அடக்கிவிட்டு, கிருமியைச் சோதனையில் அகப்படாமல் மறைத்துவிடும். அதன்பின் எந்த மருந்து கொடுப்பது என்று தெரியாமல் பெரிய மருத்துவமனையும் திணற நேரிடும். மழைக்காலத்து டெங்கு மற்றொரு சிக்கல். அதில் உறைவுக்குத் தேவையான தட்டணுக்கள் குறைவதால், உறைதடுப்பு மாத்திரை உட்கொள்வோருக்குக் கசிவு ஆபத்து பெருகுகிறது; வீட்டில் வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் மருத்துவமனையில் சேர்ந்து தட்டணு எண்ணிக்கையையும் ஐ.என்.ஆரையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும்.

வாதக் காய்ச்சலால் வால்வை இழந்தோருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடப்படும் பென்சதைன் பெனிசிலின் ஊசி, வால்வு மாற்றிய பின்னும் பெரும்பாலும் தொடர வேண்டியதே. புதிய வால்வுக்கு வாதக் காய்ச்சல் வராவிட்டாலும் எஞ்சியுள்ள சொந்த வால்வுகளுக்கு வரக்கூடும். தசையில் போடும் ஊசியால் இரத்தக்கட்டு உண்டாகுமோ என்ற தயக்கம் இருப்பின், நாள்தோறும் இருவேளை உட்கொள்ளும் பெனிசிலின் மாத்திரையாக மருத்துவர் மாற்றித் தருவார். தாமாக நிறுத்துதல் கூடாது.

பெண்களுக்கு

வாதக் காய்ச்சல் இளம்பெண்களைத் தாக்குவது அதிகம் என்பதால் இப்பகுதி பல குடும்பங்களுக்குத் தேவைப்படும். உறைதடுப்பு மாத்திரையால் மாதவிடாய்ப் போக்கு மிகுந்து இரத்தசோகை உண்டாகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் கூறினால் வழி உண்டு. கருவுற்ற ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் வகை மருந்துகள் கருவின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். மாறாக மாத்திரையை விட்டுவிட்டால் தாயின் வால்வில் உறைகட்டி உருவாகும். தாய்க்கும் கருவுக்கும் இடையிலான இந்தச் சிக்கலை ஹெப்பாரின் ஊசிக்கு மாறுதல், குறைந்த அளவு மாத்திரையையே தொடர்தல் போன்ற வழிகளில் ஒன்றைத் தேர்ந்து மருத்துவர் கையாள்கிறார். அதற்குக் கருத்தரிக்கும் முன்பே ஆலோசனை நடந்திருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் மறுவாரம் வரை காத்திராமல் உடனே சோதித்துக்கொள்வதும், பேறுகாலத்தை இதயப் பிரிவும் மகப்பேற்றுப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்வதும் இன்றியமையாதவை. திருமணப் பேச்சின்போது அறுவைத் தழும்பை மறைத்து, பின்னர் புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைத்து உட்கொள்ளும் நிலைக்குப் பெண்ணைத் தள்ளுவது குடும்பங்கள் செய்யும் பெரும் பிழை. மறைத்து உட்கொள்ளும் மாத்திரை பெரும்பாலும் உட்கொள்ளப்படாத மாத்திரையாகவே முடிகிறது. பால் கொடுக்கும் காலத்தில் வார்ஃபரினைத் தொடரத் தடையில்லை.

மருத்துவமனைக்குத் திரும்பிச் செல்லுதல்

பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை குடம் தூக்குதல், இருசக்கர வண்டி ஓட்டுதல், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அறுவைக்குப் பின் ஒன்றரை முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்படும் எக்கோ, அதாவது ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை, மிக முக்கியமானது. புதிய வால்வு நல்ல நிலையில் எவ்வாறு இயங்கியது என்பதற்கான அடிப்படைப் பதிவு அதுவே, பின்னாளில் எடுக்கப்படும் ஒவ்வோர் எக்கோவும் அதனோடுதான் ஒப்பிடப்படும். நலமாக இருக்கிறோமே என்று அந்த முதல் எக்கோவைத் தவிர்ப்போர் பின்னர் அதன் இழப்பை உணர்கின்றனர். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். திசு வால்வு தேயத் தொடங்கும் ஆண்டுகளில் எக்கோவும் ஆண்டுதோறும் தேவைப்படும். வால்வைச் சுற்றித் தையல் ஓரத்தில் கசிவு ஏற்பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் நசுங்கிச் சிதைந்து சோகையும் மஞ்சள் நிறமும் தோன்றலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் உடன் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், எந்தத் தொடர் சிகிச்சைக்கு அதில் இடமுண்டு என்பதை மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் வீடு திரும்பும் முன்பே கேட்டுவிடுதல் நலம்.

ஆண்டு முறைக்குக் காத்திராமல் உடனே செல்ல வேண்டிய நிலைகளும் உள்ளன. வழக்கமான ‘டிக்’ ஓசை மங்குதல் அல்லது நின்றுபோதல், புதிதாக மூச்சு வாங்குதல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை வால்வில் உறைகட்டி படிந்திருப்பதைக் காட்டலாம். வாய் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை சில நிமிடங்களில் தாமே சரியாகிவிட்டாலும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பே. தார் போன்ற கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், நில்லாத மூக்குக் கசிவு, காரணமின்றித் தோன்றும் பெரிய நீலத் தழும்புகள் ஆகியவை மருந்து மிகையானதைக் குறிக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட்டும் சிறுநீரைச் சிவப்பாக்கும் என்றாலும், ஐயம் இருந்தால் ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிடுவதால் இழப்பில்லை. தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவு மண்டைக்குள் மெல்ல நிகழும். எண் உயர்ந்திருப்பதைக் கண்டு உள்ளூரில் வைட்டமின் ‘கே’ ஊசியை அதிக அளவில் போட்டுவிட்டால் கசிவு நிற்கும், ஆனால் பல நாள்களுக்கு மாத்திரை வேலை செய்யாமல் வால்வு உறைவுக்கு ஆளாகும். ஆகவே அந்த ஊசி வேண்டுமா, எவ்வளவு என்பதை வால்வு சிகிச்சை தெரிந்த மருத்துவரிடம் தொலைபேசியிலேனும் கேட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

இத்தகைய நேரங்களில் நோயாளியால் பேச இயலாமல் போகலாம் என்பதால், வால்வின் பெயரும் இடமும், மாத்திரையின் பெயரும் வாரத் தொகையும், ஐ.என்.ஆர். இலக்கும் கடைசியாகப் பார்த்த எண்ணும், சிகிச்சை பெறும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் இருக்க வேண்டும். 108 ஊர்தி வந்து நிற்கும்போது உடன் இருப்பவர் முதலில் நீட்ட வேண்டியது அந்த அட்டையையே.